கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள்

வீடியோ அழைப்பில் நான் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் இதுதான். எதிரில் இருப்பவர் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். எனக்கு முகம் போதாது. கையும் காலும் வேண்டும்.

17 ஆண்டுகள் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தேன். கடந்த 3 ஆண்டுகளாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறியவர்களையும், ஏறக்கூடும் என்று மருத்துவர் குறித்துக் கொடுத்தவர்களையும் வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுகிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. என்ன நடக்கக்கூடும், எந்த நிலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான். ‘அவ்வளவுதான்’ என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

முதல் சில மாதங்கள் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு அபாய அறிகுறிகளைப் படித்துக்காட்டினேன். விடாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குதல், மூச்சுத் திணறல். “சரி சிஸ்டர், சரி சிஸ்டர்” என்று பதில் வரும். 34 வாரக் கர்ப்பிணி ஒருவரிடம் “தலைவலி இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லை என்றார். திரைக்கு வெளியிலிருந்து அவருடைய அம்மாவின் குரல் கேட்டது: “ராத்திரி முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய்?” அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அது தூக்கம் கெட்டதால் வந்தது, சிஸ்டர். நீங்கள் கேட்டது அந்தத் தலைவலி இல்லையே.”

பிரஷரை அளக்கச் சொன்னேன். 162/108. கால் மணி நேரம் கழித்தும் இறங்கவில்லை. உடனே மருத்துவமனைக்குப் போனார். தாயும் குழந்தையும் நலமாகத் திரும்பினார்கள். நான்தான் சில நாள் சரியாகத் தூங்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்வி அவருடைய தலைவலியைத் தொடவே இல்லை.

அந்தத் தாளை அன்றோடு மடித்து வைத்துவிட்டேன். இப்போது “இருக்கிறதா?” என்று கேட்பதில்லை. கடைசியாக எப்போது தலை வலித்தது, மாத்திரை போட்டும் நின்றதா இல்லையா என்று கேட்கிறேன். கண் முன்னால் பூச்சி பறப்பதுபோல, மின்னுவதுபோல ஏதாவது தெரிந்ததா? நெஞ்செரிச்சல் என்றால், எந்த இடம் என்று கையை வைத்துக் காட்டச் சொல்கிறேன். கை வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே போனால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அங்கே இருப்பது கல்லீரல். வெறும் தொலைபேசிப் பேச்சில் அந்தக் கை எனக்குத் தெரிந்திருக்காது.

“பிரஷர்தானே, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்பவர்களுக்கு நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்கி விளக்குகிறேன். முன்சூல்வலிப்பு, அதாவது மருத்துவர்கள் பிரீ-எக்லாம்ப்சியா என்று சொல்வது, பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகு தலைகாட்டும். நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சரியாக விரிவடையாததில் ஆரம்பித்து, தாயின் உடம்பு முழுவதிலும் உள்ள குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும், கல்லீரல் பாதிக்கப்படும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், மூளை வரை போனால் வலிப்பு வரும். உள்ளே குழந்தையின் வளர்ச்சியும் குன்றும். மாத்திரை எண்ணை இறக்கும். நோயின் வேரைப் பிடுங்காது. இதைக் கேட்டதும் முகங்கள் மாறும். பயமுறுத்துகிறேனோ என்று முன்பு தயங்கினேன், இப்போது தயங்குவதில்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்களைத்தான் பயம் அதிகம் வாட்டுகிறது என்பது என் அனுபவம்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் அளப்பவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் கழுத்துக்குக் கீழேதான் நடக்கின்றன. கால்மேல் கால், முதுகுக்குச் சாய்மானம் இல்லாத கட்டில், தொங்கும் கை, சட்டைக் கைமேல் சுற்றிய பட்டை. கை இதய மட்டத்துக்குக் கீழே இருந்தால் அளவு கூடும், மேலே தூக்கியிருந்தால் குறையும். பட்டை கையின் சுற்றளவுக்குச் சிறியதாக இருந்தாலும் கூட்டித்தான் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து, பேசாமல் அளக்க வேண்டும். இந்தப் ‘பேசாமல்’ தான் கடினம், ஏனென்றால் அழைப்பில் இருப்பவள் நானே. கருவி ஓடும்போது நான் மைக்கை அணைத்துவிடுகிறேன்.

எல்லைகள் இரண்டை மட்டும் மனத்தில் ஏற்றுகிறேன். மேல் எண் 140-ஐ அல்லது கீழ் எண் 90-ஐ எட்டினால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மேல் எண் 160-ஐ அல்லது கீழ் எண் 110-ஐ எட்டினால் 15 நிமிடத்தில் மறுபடி அளந்து, அப்படியே இருந்தால் கிளம்ப வேண்டும். எண் சரியாக இருந்து அறிகுறி மட்டும் இருந்தாலும் கிளம்ப வேண்டும்.

ஒருவர் தினமும் 118/76 என்றே எழுதி அனுப்பினார். ஒரு வாரம் முழுக்க அதே எண். கருவியின் நினைவகத்தைக் கேமராவில் காட்டச் சொன்னேன். 140-ஐத் தாண்டிய அளவுகள் வரிசையாக வந்தன. “மருத்துவமனையில் சேர்த்துவிடுவீர்களோ என்று...” என்றார். அவருக்கு வீட்டில் இன்னொரு சின்னக் குழந்தை. அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பேசி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ரத்த அழுத்தத்துக்கு அதில் 5 நிமிடம்கூடப் போகவில்லை.

பிரிட்டனில் அபாயம் அதிகமுள்ள 2,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. வீட்டில் தாங்களே அளந்தவர்களுக்கு, வழக்கமான பரிசோதனைக்குப் போனவர்களைவிட முன்னதாக உயர் ரத்த அழுத்தம் பிடிபடவில்லை. என்னைப் போன்றவர்களின் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றிய செய்தி. வந்த எண்ணை வைத்து யார், என்ன செய்வது என்பது தெளிவாக இல்லாத வீட்டில் கருவி ஒரு மூலையில்தான் கிடக்கும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பிரசவத்துக்குப் பிறகு கதை வேறு. அங்கே தொலைமருத்துவம் உண்மையிலேயே சாதித்திருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 206 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நேரில் வரச் சொன்னார்கள். மறுபாதி வீட்டில் அளந்து குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்றார்கள். 2018-இல் வெளியான முடிவு: முதல் 10 நாளுக்குள் ஒருமுறையாவது அளவு கிடைத்தது குறுஞ்செய்திக் குழுவில் சுமார் 92 சதவீதம் பேருக்கு, நேரில் வர வேண்டியவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு. தையல் வலியோடும் கைக்குழந்தையோடும் யார் வரிசையில் நிற்பார்கள்? குழந்தை பிறந்து 6 வாரம் வரை இந்த நோய் புதிதாகக்கூட வரலாம். அந்த நாள்களில் வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள்.

திரையால் முடியாதவையும் உண்டு. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று என்னால் பார்க்க முடியாது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க முடியாது. நேரில் போக வேண்டிய பரிசோதனையைத் தள்ளிப்போட என் அழைப்பை யாராவது சாக்காகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஒவ்வோர் அழைப்பின் கடைசியிலும் ஒரு நாடகம் போடுகிறோம். நான் நள்ளிரவில் மருத்துவமனைத் தொலைபேசியை எடுக்கும் தூக்கக் கலக்க ஊழியர். அவர் எத்தனை வாரம், பிரஷர் எவ்வளவு, என்ன செய்கிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பிரசவம் ஆனவர் என்றால் ‘குழந்தை பிறந்து 9 நாள்’ என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் வேண்டுமென்றே கொட்டாவி விட்டு, “காலையில் வாருங்களேன்” என்பேன்.

போன வாரம் ஒரு பெண், மிகவும் மெல்லிய குரல், “சரிங்க, காலையிலேயே வருகிறேன்” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார். திரும்ப அழைத்தேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டாவது முறையும் ஒப்புக்கொண்டார். மூன்றாவது முறை நான் கொட்டாவியை முடிப்பதற்குள் குரல் உயர்ந்தது: “காலையில் இல்லை. இப்போதே கிளம்புகிறேன். மருத்துவரை எழுப்பி வையுங்கள்.”