மாக் டெஸ்ட் நடுவில் அணையும் கம்ப்யூட்டரும் என் கிளார்க் தேர்வும்

வங்கி கிளார்க் பிரிலிம்ஸுக்கு (முதல்நிலைத் தேர்வு) வீட்டுக் கம்ப்யூட்டரில் மாக், அதாவது மாதிரித் தேர்வு, எழுதிப் படிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் புத்தகம், தினமும் எத்தனை மாக் என்றெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். மாக் நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதில் இரண்டு மாதம் போயிற்று.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம், களத்தை ஒட்டி. கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்ட், கூடவே ஒரு 600 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடவைக்கும் பெட்டி). தையில் சம்பா அறுவடை ஆரம்பித்த சமயத்தில்தான் தொல்லையும் ஆரம்பித்தது. பிரிலிம்ஸ் 100 கேள்வி, 60 நிமிடம். ஆங்கிலம், கணக்கு, ரீசனிங் என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம். எனக்கு ஆங்கிலம் முடிந்து கணக்கில் பாதி போகும்போது திரை கறுத்துவிடும். உடனே ஆன் செய்தால் ஏழெட்டு நிமிடத்தில் மறுபடி அணையும். சில நாள் மாலையில் மாக்கே போடாமல் சும்மா பிடிஎஃப் படித்துக்கொண்டிருந்தாலும் அணையும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு தம்பி, மாத்திடலாம்" என்றார்கள். அந்தப் பணம் கையில் இல்லாததால் திரும்பி வந்தேன், இருந்திருந்தால் மாற்றியிருப்பேன்.

இணையத்தில் தேடியபோது ஈவென்ட் வியூவரைப் (கம்ப்யூட்டரில் நடந்ததை விண்டோஸ் குறித்துவைக்கும் இடம்) பார் என்றார்கள். விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். வரிசையாக கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருந்தது. பவர் என்ற சொல்லைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்தான் (கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போச்சு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அது தப்பு. 41 என்றால் போன தடவை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், ஏன் ஆகவில்லை என்று பெரும்பாலும் அதற்கே தெரியாது. அங்கே 1074 இருந்தால் வேறு கதை: அப்டேட்டோ ஏதோ ஒரு புரோகிராமோ சொல்லித்தான் அணைந்திருக்கிறது.

அப்புறம்தான் ரீசனிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு அணைந்தது, ஆன் செய்து எத்தனை நிமிடம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டு விளக்கு மங்கியதா. ஒரு வாரம் எழுதியதும் தெரிந்துவிட்டது, இது ஒரு நோய் இல்லை, இரண்டு. மதியத்தில் 25, 28 நிமிடத்தில் அணைவது ஒன்று. மாலையில் அப்பா பம்பு செட் மோட்டார் போடும் நேரத்தில் அணைவது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் எந்த விளக்கமும் பொருந்தவில்லை.

முதலாவது சூடு. ஓடஓட அணைவது, உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணைவது, ஆறவிட்டுப் போட்டால் பழையபடி ஓடுவது, மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சூடுதான். புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்து ஒரு மாக் போட்டேன், 60 நிமிடமும் ஓடியது. போர்டு போயிருந்தால் டேபிள் ஃபேனுக்கா சரியாகும்?

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். புராசஸர் ஃபேனுக்கு அடியில் ஹீட் சிங்க் (புராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் நெல் சுனையும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன் (ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்). ஹீட் சிங்கைக் கழற்றினால் அதற்கும் புராசஸருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது. அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புது தெர்மல் பேஸ்ட் ஒரு பச்சைப்பயறு அளவு, நடுவில். நிறைய வைத்தால் நல்லது என்று அப்பிவிடாதீர்கள். திரும்ப மாட்டும்போது ஹீட் சிங்கைப் போர்டில் பிடிக்கும் நான்கு பின்களும் முழுசாக இறங்கினதா என்று பாருங்கள், எனக்கு ஒன்று இறங்காமல் அன்றைக்கு முழுக்க மறுபடி அணைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது யூபிஎஸ். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் ஒரு நொடி இறங்குகிறது, யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது, பேட்டரியில் உயிர் இல்லை. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். லேம்ப் அந்த நொடியே போய்விட்டது. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி, இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும். அதை மட்டும் மாற்றினேன்.

உங்களுக்கு இந்த இரண்டும் இல்லாமல் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் ராமை (மெமரி அட்டை) கழற்றி அதன் தங்க நிற முனையை அழிரப்பரால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் என்றால் தெரிந்தவரிடம் ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். அதன் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இனி படிப்பு. அந்த இரண்டு மாதத்தில் நாற்பது மாக் போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் போட்டது நாற்பது ஆங்கிலமும் நாற்பது அரைக் கணக்கும். ரீசனிங் எப்போதும் மறுநாள் காலையில், புதுத் தெம்போடு, தனியாக எழுதியது. நாற்பது நிமிடம் மூளையைப் பிழிந்த பிறகு ஒரு உட்காரும் வரிசைப் புதிரைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது தேர்வு மையத்தில்தான். ஆங்கிலம் நன்றாக வந்தது, ரீசனிங்கில் பதறி ஊகித்துப் போட்டதெல்லாம் தப்பாகி, ஒவ்வொரு தப்புக்கும் கால் கால் மதிப்பெண்ணாகக் கழிந்து போயிற்று. அந்த முறை பிரிலிம்ஸ் தாண்டவில்லை.

அதனால் கம்ப்யூட்டர் சரியாகும் வரை அதில் அரை மாக் போடாதீர்கள். வினாத்தாளை அச்செடுத்து, போனில் இருபது இருபது நிமிடம் அலாரம் வைத்து, ஒரே மூச்சில் மூன்று பகுதியையும் தாளில் எழுதுங்கள். நடுவில் அணைந்துபோன மாக்கின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அடுத்த முறை நான் வாரத்தில் இரண்டு மாக் ரீசனிங்கிலிருந்து ஆரம்பித்துத் தலைகீழாகத் தாளில் எழுதினேன், அந்தத் தடவை மெயின்ஸுக்கு, அதாவது அடுத்த கட்டத் தேர்வுக்கு, போனேன்.

இப்போது பிரஷ்ஷும் பாதி பேஸ்ட் டியூபும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அறுப்பு மெஷின் வயலில் இறங்குகிறது என்று தெரிந்தால் கம்ப்யூட்டரைப் பழைய வேட்டியால் மூடி வைத்துவிட்டு, களம் காலியானதும் ஒரு தடவை கேபினட்டைத் திறந்து பார்த்துவிடுகிறேன்.