சலேர்னோவில் திருத்தந்தை ஏழாம் கிரகோரியாரின் கல்லறை முன்

தென் இத்தாலியின் கடற்கரை நகரான சலேர்னோவுக்கு வரும் திருப்பயணிகளில் பெரும்பாலோர், திருத்தூதர் புனித மத்தேயுவின் திருப்பண்டங்களை வணங்கவே வருகின்றனர். நானோ அதே பேராலயத்தில் அடக்கமாகியிருக்கும் திருத்தந்தை ஏழாம் கிரகோரியாரை முதலில் வணங்க விரும்பினேன். பழைய உரோமைக் கட்டடங்களின் தூண்கள் சூழ்ந்த முற்றத்தைக் கடந்து, 1099-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் செய்யப்பட்ட வெண்கலக் கதவு வழியே நுழைந்தால், தலைமைப் பீடத்தின் வலப்புறச் சிற்றாலயத்தில், அதிதூதர் மிக்கேலின் மொசைக் ஓவியத்தின் கீழே அவர் துயில்கிறார்.

டஸ்கனியில் பிறந்த இல்டபிராண்டு (கிரகோரியாரின் இயற்பெயர் இது), 1073 ஏப்ரல் 22 அன்று, இரண்டாம் அலெக்சாண்டரின் அடக்கச் சடங்கின்போது உரோமை மக்கள் எழுப்பிய குரலால் திருத்தந்தையானார். அப்போது அவர் திருத்தொண்டர் மட்டுமே. குருத்துவத் திருநிலைப்பாடு பின்னரே நடந்தது. ஆயர் பதவிகள் பணத்துக்கு விலைபோன காலம் அது. ஆயர் பதவியின் அடையாளங்களான கோலையும் மோதிரத்தையும் அரசர்களே ஆயர்களின் கையில் கொடுத்தனர். 1074-ஆம் ஆண்டின் தவக்காலச் சங்கத்தில், விலை கொடுத்துப் பதவி பெற்றவர்களையும் மணத்துறவைக் கைவிட்ட குருக்களையும் திருப்பணியிலிருந்து அவர் விலக்கினார். அத்தகையோரின் வழிபாட்டில் மக்கள் பங்கேற்க வேண்டாம் என்றும் துணிந்து கூறினார்.

வட இத்தாலியின் கனோசாவில் நடந்த நிகழ்ச்சியை அரசனின் தலைகுனிவாகவே பலரும் நினைவுகூர்கின்றனர். 1077 ஜனவரிக் குளிரில், மெட்டில்டா சீமாட்டியின் கோட்டை வாயிலில், ஆயர்களை நியமிக்கும் உரிமைக்காகத் திருத்தந்தையோடு மோதிச் சபைவிலக்குப் பெற்ற ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி மூன்று நாள் வெறுங்காலுடன் காத்திருந்தான். எனக்கோ அங்கே பெரிதாகத் தெரிவது திருத்தந்தையின் குருத்துவ உள்ளம். மன்னித்தால் தம் அரசியல் வலிமை குறையும் நிலையிலும், மனம்வருந்தி வந்தவனுக்கு அவர் பாவமன்னிப்பை மறுக்கவில்லை.

அதன் விலையை அவர் கொடுத்தார். 1084-இல் ஹென்றி உரோமையைப் பிடித்தான். திருத்தந்தையை மீட்க வந்த, தென் இத்தாலியை ஆண்ட இராபர்ட் கிஸ்கார்டின் நார்மானியப் படை நகரைச் சூறையாடியதால் மக்களின் சினம் திருத்தந்தை மீதே திரும்ப, அவர் சலேர்னோவில் அடைக்கலம் புகுந்து, 1085 மே 25 அன்று உயிர்நீத்தார். "நீதியை விரும்பினேன், அநீதியை வெறுத்தேன்; ஆதலால் நாடுகடந்து இறக்கிறேன்" என்பது அவருடைய இறுதிமொழியாகச் சொல்லப்படுகிறது. முதற்பகுதி 45-ஆம் திருப்பாடலின் வரி. அத்திருப்பாடலில் அதற்கு அடுத்து வருவது மகிழ்ச்சியின் எண்ணெயால் இறைவன் செய்யும் திருப்பொழிவு. அந்த இடத்தில் நாடுகடத்தலைச் சொல்லி முடித்தவரின் வேதனையை நினைத்து, அங்கேயே அத்திருப்பாடலை முழுவதும் செபித்தேன்.

பிறகு நிலவறையில் புனித மத்தேயுவை வணங்கினேன். திருப்பதவிகளின் விற்பனையை எதிர்த்தவர், சுங்கச்சாவடியை விட்டெழுந்து ஆண்டவரைப் பின்தொடர்ந்தவரின் ஆலயத்தைத் தம் கையாலேயே அர்ச்சித்து, அங்கேயே அடக்கமானதை இறைவனின் ஏற்பாடாகவே கருதுகிறேன். கிரகோரியார் மறைந்து 37 ஆண்டுகளுக்குப்பின், திருத்தந்தைக்கும் பேரரசனுக்கும் இடையே 1122-இல் ஏற்பட்ட வோர்ம்ஸ் உடன்படிக்கையில், கோலும் மோதிரமும் வழங்கும் உரிமையை ஹென்றியின் மகனே விட்டுக்கொடுத்தான்.