வெல்டிங் படிக்க யார் பணம் தருவார்?

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவுகள் வெளிவந்ததும் பினாங்கின் பட்டர்வொர்த், பிறை வட்டாரப் பெற்றோர் சிலர், சிவில் பொறியியலுக்கும் வெல்டிங்குக்கும் உபகாரச் சம்பளம் கிடைக்குமா என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே அலுவலகத்தில் விடை கிடைக்காது.

சிவில் பொறியியல் நான்காண்டுப் பட்டப்படிப்பு. நிபோங் திபாலிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்எம்) பொறியியல் வளாகத்தில் இடம் கிடைத்த மாணவர், பொதுச் சேவைத் துறை முதல் காமுடா போன்ற கட்டுமான நிறுவனங்கள் வரை விண்ணப்பிக்கலாம். எதுவும் அமையாவிட்டால் தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பிடிபிடிஎன் தரும் கடன் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறி, மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டவர்கள் அதைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கோரலாம். விலக்கு தானாக வந்துவிடாது, அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

வெல்டிங்கின் கதை வேறு. பெரும்பாலோர் அதை எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகவே கற்கிறார்கள்; முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. அங்கீகாரம் பெற்ற மையங்களில் பயில்வோருக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பிடிபிகே உதவுகிறது, ஆனால் அது தருவது கடன். மேலே படிக்க விரும்புவோருக்கு, பாங்கியிலுள்ள யூனிகேஎல் (கோலாலம்பூர் பல்கலைக்கழகம்) மலேசிய-பிரான்ஸ் கழகம் வெல்டிங்கைப் பொறியியல் தொழில்நுட்பப் பாடமாகவே கற்பிக்கிறது. இணையத்தில் முதலில் கண்ணில் படும் அமெரிக்க வெல்டிங் சங்க அறக்கட்டளையின் உதவித்தொகைகளோ, பெரும்பாலும் அமெரிக்காவில் பயில்வோருக்கானவை.

கணக்கில் தேறாத பையனை வெல்டிங்கில் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. எனக்கு அது எரிச்சலூட்டுகிறது. 6ஜி எனப்படும் குழாய் வெல்டிங் திறன் சோதனையில் குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்ப முடியாது என்பதால், பற்றவைப்பவர்தான் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் கீழுமாகக் கையின் கோணத்தை மாற்றிக்கொண்டே சுற்றிவர வேண்டும். வெளியே பளபளக்கும் பற்றவைப்பின் உள்ளே சிறு துளை இருந்தாலும் எக்ஸ்ரே காட்டிக்கொடுத்துவிடும். இது மந்தமானவர்களுக்கான வேலையன்று.

எந்த உதவியானாலும் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். உதவி தந்த நிறுவனத்தில் பணியாற்ற வேண்டுமா, எத்தனை ஆண்டுகள், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவை அதில்தான் இருக்கும். ஜாமீன் கேட்கப்பட்டால், கையெழுத்திடும் மாமாவும் அந்தப் பத்தியைப் படித்த பிறகே பேனாவை எடுக்கட்டும்.