காவ் சாம் ரோய் யோட்: வெயில் குகைக்குள் இறங்கும் நேரம்

பாங்காக்கில் குடியேறிய நம்மவர்களுக்கு நீண்ட விடுமுறை என்றால் பட்டாயாதான். எதிர்த்திசையில், ஹுவா ஹின்னிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில், கடலை ஒட்டிச் சுண்ணாம்புப் பாறை மலைகள் நிற்கின்றன. 1966இல் அறிவிக்கப்பட்ட காவ் சாம் ரோய் யோட், தாய்லாந்தின் முதல் கடலோரத் தேசியப் பூங்கா. பெயருக்கு ‘முந்நூறு சிகர மலை’ என்று பொருள். காவ் என்றால் மலை, தாம் என்றால் குகை, ஹாட் என்றால் கடற்கரை, க்ளோங் என்றால் கால்வாய்: இந்த நான்கும் தெரிந்தால் வழிப்பலகைகள் புரிந்துவிடும்.

பார்க்க வேண்டியது பிரயா நகோன் குகை. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து வீரியம் குறைந்த அமிலமாகிப் பாறையை அரித்ததில் கூரை இடிந்து விழுந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியே வெளிச்சம் வருவதால் உள்ளே மரங்களே வளர்ந்து நிற்கின்றன. நடுவில், ஐந்தாம் ராமா மன்னரின் 1890ஆம் ஆண்டு வருகைக்காக எழுப்பிய மண்டபம். பாங்காக்கில் செய்து கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். அதன்மேல் வெயில் நேராக விழுவது ஏறக்குறைய காலை 10.30 முதல் 11.30 வரை மட்டுமே. மதியம் போனால் நிழலடைந்த மண்டபத்தைத்தான் பார்க்கலாம். பாங்காக்கிலிருந்து காரில் நான்கு மணி நேரமாவது ஆகும் என்பதால் முதல் நாள் இரவே பூங்காவுக்கு அருகிலுள்ள பிரான்புரியில் தங்கிவிடுங்கள்.

பாங் பூ கிராமத்தில் காலை 8.30க்கு இருந்தால் சரியாக இருக்கும். அங்கிருந்து லேம் சாலா கடற்கரைக்குப் படகில் போகலாம், அல்லது சுமார் 500 மீட்டர் மலைப்பாதையில் நடக்கலாம். படகுத்துறை கிடையாது, முழங்காலுக்கு மேல் நனைந்துதான் இறங்க வேண்டும். அலை பெரிதானால் படகு ஓடாது. அடுத்து 430 மீட்டர் செங்குத்தான ஏற்றம். தூரம் கொஞ்சம்தான், ஆனால் வியர்வையில் உடம்பு வற்றிவிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்துத் தேய்த்துக் கற்கள் வழவழத்துப் போயிருக்கின்றன. ரப்பர் செருப்போடு ஏறியவர்கள்தான் பெரும்பாலும் இறங்கும்போது வழுக்குகிறார்கள். முழங்கால் வலி உள்ள பெற்றோர் ஊரிலிருந்து வந்திருந்தால், தயவுசெய்து அவர்களைக் கடற்கரை நிழலிலேயே உட்கார வையுங்கள்.

குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான். புளிசாதப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள கருங்குரங்குகள் சாது. மரத்தை விட்டு இறங்குவது அபூர்வம். கடைகளில் சைவம் கேட்பவர்கள் ‘ஜே’ என்று சொல்ல வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் சாறு விழுந்துவிடும்.

வெளிநாட்டுப் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் 200 பாட். தாய்லாந்து ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் சில நேரம் உள்ளூர்க் கட்டணம் வாங்குவார்கள். அது அலுவலரின் விருப்பம், வாக்குவாதம் வேண்டாம். மழைக்காலத்தில் கல் விழும் அபாயத்தால் குகையை மூடுவதுண்டு, கிளம்புமுன் விசாரியுங்கள்.

மாலையில் தெம்பு மிச்சமிருந்தால் காவ் டேங் கால்வாயில் படகு எடுங்கள். பூங்காவின் சதுப்பு நிலத்திலுள்ள மரநடைபாதை மலைக்கு மறுபக்கம், வேறு வாசல். வலசைப் பறவைகளுக்காக நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் அதற்கென்று தனியாக ஒரு காலையை ஒதுக்குங்கள்.