மாமாவுக்கு நைட் டியூட்டி

பெரியம்மா மகன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, திருமங்கலத்தில் மண்டபம். டாஸ்மாக் 10 மணிக்குச் சாத்திவிடுவான் என்ற பதற்றத்தில் மூன்று பேர் குடிக்க வேண்டியதை ஒற்றை ஆளாக முடித்துவிட்டு வந்தார் மாமா. "மாப்ள, நான் ஸ்டெடி" என்றார், வாசலில் கட்டியிருந்த வாழைமரத்திடம்.

அடுத்து, ஊருக்குப் போய் பட்டுவேட்டி எடுத்து வருகிறேன் என்று பைக்கைத் தேடினார். பிடித்தால் 10,000 ரூபாய் அபராதம் மாமா என்றால், "மொய்யில கழிச்சுக்கலாம்". சாவியை உருவி, கைக்கு எட்டிய தவில் உறைக்குள் போட்டுவிட்டேன்.

அதற்குள் வைத்தியக்குழு கூடிவிட்டது. மோர் கொடு என்றார் ஒருவர். எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில் தேய் என்றார் இன்னொருவர். சமையல்காரர் கடுங்காப்பியே போட்டுக்கொண்டு வந்துவிட்டார், சித்தப்பா ஒருத்தர் வாளித் தண்ணீரோடு தயார். நர்ஸாக இருக்கும் அத்தை மகளுக்குப் போன் போட்டேன், தூக்கக் கலக்கத்தில் எல்லோரையும் சேர்த்துத் திட்டினாள். காப்பி கொடுத்தால் தூங்காத குடிகாரர்தான் கிடைப்பார், போதையை ஈரல்தான் இறக்க வேண்டும், அது யாருக்காகவும் அவசரப்படாது, பச்சைத் தண்ணியை ஊற்றினால் உடம்பு சில்லிட்டுப்போகும், மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், அதனால் ஒருக்களித்துப் படுக்கவை, தனியே விடாதே. எழுப்பி எழவில்லை, உதடு நீலம் பாய்கிறது, மூச்சுக்கு மூச்சு 10 நொடி ஆகிறது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

சரி என்று இடப்பக்கம் ஒருக்களித்து, புரளாமல் இருக்க முதுகுக்கு 25 கிலோ பொன்னி அரிசி மூட்டையை அண்டக்கொடுத்தேன். போனில் ஸ்டாப்வாட்ச். 2 மணி இருக்கும், சத்தமே இல்லை... ஐந்து, ஆறு, ஏழு... எனக்கு வேர்த்துவிட்டது. கிள்ளினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மாப்ள, உங்க அத்தை முதுகைக் காட்டிப் படுத்திருக்கா, கோவமா இருக்கா போல" என்று அரிசி மூட்டையைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டார்.

காலையில் மாமா குளித்து, விபூதி பூசி, முதல் பந்தியில் இரண்டாவது தடவை பொங்கல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூணில் சாய்ந்து தூங்கியதில் தாலி கட்டியதையே பார்க்கவில்லை. எழுப்பியதும் அவர்தான்.

"பைக் சாவி எங்கடா?"

மேளக்காரர்கள் அடுத்த முகூர்த்தத்துக்கு உசிலம்பட்டி கிளம்பி அரைமணி நேரம் ஆகியிருந்தது.