மூத்த கிளப்பைத் தேடி உவெல்வாவுக்கு

காலடியில் நறநறவென்றது. குனிந்து பார்த்தால் சூரியகாந்தி விதைத் தொலி. போன ஆட்டத்ததா இன்றையதா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சேர்ந்து கிடந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஒன்றை எடுத்து முழுசாக மென்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு விதையை முன்பல்லில் நிமிர்த்தி வைத்து, 'டக்'கென்று கடித்து, பருப்பை மட்டும் நாக்கால் உள்ளே இழுத்துக்கொண்டு, தொலியைத் துப்பிக் காட்டினார். இத்தனைக்கும் அவர் கண் பந்தை விட்டு நகரவே இல்லை. எனக்கு அந்த வித்தை கடைசிவரை கைவரவில்லை.

2024 மார்ச். ஸ்பெயினின் தென்மேற்கு மூலை. போர்ச்சுகல் எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற உவெல்வா என்ற ஊர். எழுதும்போது முன்னால் ஒரு 'ஹ' இருக்கும், ஆனால் அதை யாரும் வாயில் எடுப்பதில்லை. செவியாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். செவியாவில் நான் தங்கியிருந்த இடத்தில் உவெல்வாவுக்குப் போகிறேன் என்றதும், "கடற்கரைக்கா, இறால் சாப்பிடவா?" என்று கேட்டார்கள். கால்பந்து பார்க்க என்றேன். அதற்கு ஏன் அவ்வளவு தூரம், இந்த ஊரிலேயே இரண்டு பெரிய அணிகள் இருக்கின்றனவே என்று முகம் சுளித்தார்கள். நியாயம்தான். நான் பார்க்கப் போன அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பெயர் ரெக்ரெயாதிவோ தெ உவெல்வா. ஊர்க்காரர்களுக்கு 'ரெக்ரே'. பத்திரிகைகள் வைத்திருக்கும் பெயர் 'எல் தெகானோ', அதாவது எல்லாருக்கும் மூத்தவர். தொடங்கியது 1889 டிசம்பர் 23. பார்சிலோனா 1899, ரியல் மாட்ரிட் 1902. இன்றும் உயிரோடிருக்கிற ஸ்பெயின் கால்பந்து கிளப்புகளில் இதைவிடப் பழையது கிடையாது. ஆனால் இத்தனை வருடத்தில் முதல் டிவிஷனில் ஆடியது ஐந்தே ஐந்து சீசன். வயது மட்டும்தான் இருக்கிறது, அலமாரியில் வெள்ளி இல்லை. அப்படியிருந்தும் ஒரு ஊர் ஏன் இதைக் கைவிடாமல் கட்டிக்கொண்டு அழுகிறது? அதைப் பார்க்கத்தான் போனேன்.

கதை மைதானத்தில் தொடங்கவில்லை. சுரங்கத்தில் தொடங்குகிறது. 1873இல் பணமுடையில் இருந்த ஸ்பெயின் அரசு, ரியோ டிண்டோ செம்புச் சுரங்கத்தை லண்டன் முதலீட்டாளர்களுக்கு விற்றது. அவர்கள் சுரங்கத்திலிருந்து உவெல்வா துறைமுகம் வரை 84 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். பாதை முடிகிற இடத்தில் ஒடியேல் ஆற்றுக்குள் ஒரு பாலத்துறையை நீட்டினார்கள். அதை நான் பார்த்த அன்று சாயங்காலம், தூண்டில் போட்டவர்களும் ஓட்டப் பயிற்சிக்காரர்களும் காதலர்களுமாக நிரம்பியிருந்தது. இரும்பும் மரமுமாக வளைந்து ஆற்றுக்குள் போகிற அந்தத் துறை 1876இல் வேலைக்கு வந்தது, 1975 வரை ஓடியது. அதன் சூட்சுமம் அழகு. மேல்தட்டில் ஏற்றிய தாதுப் பெட்டிகள் சரிவில் தானாக உருண்டு வரும், கப்பலுக்குள் கொட்டும், காலிப் பெட்டி அடுத்த தட்டில் மறுபடி சரிவிலேயே திரும்பிப் போகும். இன்ஜினுக்கு அங்கே வேலையே இல்லை, புவியீர்ப்பே கூலி. சம்பளமில்லாத வேலையாள் கிடைத்தால் எந்தக் கம்பெனிதான் விடும்?

மறுநாள் சுரங்க ஊருக்குப் போகக் கிளம்பினேன். பேருந்து நேரம் நான் இணையத்தில் பார்த்தது ஒன்று, நிலையத்தில் ஒட்டியிருந்தது வேறு. கண்ணெதிரே வண்டி போய்விட்டது. இரண்டு மணி நேரம் காப்பியும் எண்ணெயில் பொரித்த சுரோவுமாகக் கழிந்தது. சரி, அதைவிடு.

மலை ஏறினதும் ரியோ டிண்டோ ஆறு தெரிந்தது. தண்ணீரா அது? வெற்றிலைச் சாற்றைக் குடம் குடமாகத் துப்பிவிட்டதுபோல் சிவப்பு. கரைக் கல்லெல்லாம் மஞ்சளும் துருவும். இரும்பும் அமிலமும் அவ்வளவு. செவ்வாய்க் கிரகத்தில் உயிர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க நாசா ஆட்கள் இங்கேதான் வந்து மண்ணைக் கிளறினார்கள். ஆங்கிலேய ஊழியர்கள் இந்த மண்ணின் நடுவில் பெய்யா விஸ்தா என்று தங்களுக்குத் தனிக் குடியிருப்பு கட்டிக்கொண்டார்கள். சரிந்த கூரை, தோட்டம், சின்னதாக ஒரு தேவாலயம், கிளப். இங்கிலாந்தின் ஒரு தெருவை அப்படியே பெயர்த்து வந்து ஆண்டலூசிய வெயிலில் காய வைத்த மாதிரி இருக்கிறது.

கம்பெனியின் பழைய ஆஸ்பத்திரிதான் இப்போது அருங்காட்சியகம். உள்ளே ஒரு ரயில் பெட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றேன். பெயர் 'மகாராஜா பெட்டி'. விக்டோரியா மகாராணி இந்தியப் பயணம் வருவதற்காக 1892இல் பர்மிங்காமில் செய்தது என்கிறார்கள். ராணி வரவே இல்லை, பெட்டி கைமாறிச் சுரங்கக் கம்பெனிக்கு வந்து, கடைசியில் ஸ்பெயின் ராஜாவைச் சுரங்கம் சுற்றிக் காட்டியதாம். நம்ம ஊர்த் தண்டவாளத்தில் ஓட வேண்டியது, செம்பு மலையில் நிற்கிறது.

அதே கட்டடத்தில் இன்னொரு வருடம் மனதில் தைத்துவிட்டது: 1888. ஊரில் இதற்குப் பெயர் 'துப்பாக்கிச் சூட்டு வருடம்'. அந்தக் காலத்தில் செம்புத் தாதுவை விறகோடு குவித்துத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் எரிப்பார்கள். கந்தகப் புகை கிளம்பி ஊர்மேல் படியும். அதற்கு 'மாந்தா', போர்வை என்று பெயர் வைத்திருந்தார்கள். போர்வை மூடிய நாளில் வேலை செய்ய முடியாது, அன்றைய கூலியில் பிடித்தமும் உண்டு. பயிரெல்லாம் கருகியது. பிப்ரவரி 4 அன்று தொழிலாளிகளும் பக்கத்து ஊர் விவசாயிகளும் சேர்ந்து, பெண்டு பிள்ளைகளோடு, ஊர்ச் சதுக்கத்தில் கூடினார்கள். முன்னால் நின்றவர் மாக்சிமிலியானோ தோர்னெத் என்ற அராஜகவாதி. வந்த ராணுவம் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13 பேர். ஊர்வாய்க் கணக்கு நூறு, இருநூறு என்று போகிறது.

இதற்கு இருபத்திரண்டு மாதம் கழித்து, உவெல்வாவின் ஆடம்பர ஓட்டலான கொலோனில் சில கனவான்கள் கூடி விளையாட்டுக் கிளப் ஒன்றைத் தொடங்கினார்கள். முன்னின்றவர் ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் அலெக்சாண்டர் மக்காய். அவரோடு இன்னொரு டாக்டர், ராபர்ட் ரஸ்ஸல் ராஸ். அந்த ஓட்டலைக் கட்டியவர் ஜெர்மன்காரர், கியெர்மோ சுந்தெய்ம், அவரும் உடன் இருந்தார். முதல் பெயர் 'உவெல்வா ரெக்ரியேஷன் கிளப்', முழுக்க இங்கிலீஷ். டென்னிஸ், கிரிக்கெட்டோடு கால்பந்து. வெயிலூரில் வந்து மாட்டிக்கொண்ட கம்பெனி ஆட்களின் உடம்பும் மனசும் கெடாமல் இருக்க இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மருந்து என்று வைத்துக்கொள்ளலாம். புகையில் இருமிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தச் சீட்டில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஓட்டல் இப்போது 'காசா கொலோன்', மாநாட்டு மண்டபம். தோட்டத்துப் பனைமரத்தடியில் பையன்கள் ஸ்கேட்போர்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் கால்பந்து வயசுக்கு வந்த இடம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்!

முதல் முறையான ஆட்டம் 1890 மார்ச் 8, செவியாவின் தப்லாதா குதிரைப் பந்தயத் திடலில், செவியா அணிக்கு எதிராக. ஸ்பெயினில் இரண்டு கிளப்புகள் மோதிய முதல் ஆட்டம் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். செவியா 2–0. மூத்தவர் முதல் நாளே தோற்றார். இதில் ஒரு பங்காளிச் சண்டையும் உண்டு. செவியாக்காரர்கள், உங்களது பொது விளையாட்டுக் கிளப், கால்பந்துக்கென்றே 1890 ஜனவரியில் தொடங்கியது நாங்கள்தான், அதனால் உண்மையான தெகானோ நாங்களே என்பார்கள். உவெல்வாவில் இதை எடுத்தால் காப்பி ஆறிவிடும், பேச்சு முடியாது.

கொலம்பஸ் கிளம்பிய நானூறாவது ஆண்டு விழாவை ஒட்டி 1892இல் வெலோத்ரோமோ மைதானம் வந்தது. அவர் கப்பலேறிய பாலோஸ் என்ற ஊர் ஆற்றுக்கு அந்தக் கரையில்தான். 1906இல் ராஜா கோப்பைக்கு மொத்தமே மூன்று அணிகள், அதில் ஒன்று இது. அப்புறம் ஒரு நீண்ட தூக்கம். முதல் டிவிஷன் எட்டிப் பார்த்தது 1978இல்தான், அதுவும் ஒரே வருடம். 2003இல் ராஜா கோப்பை இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். எல்சேயில் நடந்தது, மயோர்கா அணி 3–0 என்று ஜெயித்தது, அதில் இரண்டு கோல் எத்தோ அடித்தது. அந்த சீசனிலேயே கீழே இறங்கியும் போனார்கள். ஒரே வருடத்தில் இரண்டும் நடப்பது ரெக்ரேவுக்கு மட்டுமே வாய்க்கும்.

மூன்று வருடத்தில் மார்செலினோ என்ற பயிற்சியாளரோடு மேலே திரும்பினார்கள். சாந்தி கஸோர்லா அப்போது இளம் பையன், இங்கே ஆடினார். 2006 டிசம்பர் 20, மாட்ரிட்டில் ரியலோடு ஆட்டம். உவெல்வாவிலிருந்து ரசிகர்கள் பேருந்துகளில் கிளம்பினார்கள். காசெரெஸ் மாகாணத்தில் ஒரு பேருந்து விபத்தில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அன்று இரவு ஆட்டம் நடந்தது. கபெல்லோ பயிற்சி கொடுத்த மாட்ரிட்டை, அவர்கள் சொந்த மைதானத்திலேயே, 3–0 என்று ஜெயித்தார்கள். கோல் அடித்தவர்கள் சினாமா போங்கோல், உச்சே, விக்கெய்ரா. கிளப்பின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றி என்று யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், ஆனால் ஒருவரும் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார்கள்.

அந்த சீசனில் எட்டாவது இடம், இன்றுவரை அதுதான் உச்சம். 2009இல் இறங்கினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் கடன் கதை. வீரர்களுக்குச் சம்பளம் நின்றது. 2015இல் மூன்றாம் நிலைக்குச் சரிந்தது. கிளப்பே கலைந்துவிடும் என்ற நிலையில், 2016இல் நகராட்சி உள்ளே புகுந்து, தனியார் கையிலிருந்த கிளப்பைக் கையகப்படுத்தியது. ரோட்டுக்கு நிலம் எடுப்பதுபோல ஒரு கால்பந்து கிளப்பை எடுத்தார்கள்! ஆண்டலூசிய அரசும் தன் பங்குக்கு, கோட்டைக்கும் கோயிலுக்கும் தருகிற பண்பாட்டுச் சொத்து அந்தஸ்தை இந்தக் கிளப்புக்குத் தந்தது. கடன் அடைக்க ரசிகர்கள் உண்டியல் ஏந்தினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி தன் ஆட்களுக்காகத் தொடங்கியதை, அந்தக் கம்பெனிக்கு உழைத்தவர்களின் பேரன் பேத்திகள் தங்கள் சொத்து என்று உயிலே இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படியும் சரிவு நிற்கவில்லை. 2021இல் லீக்குகளை மாற்றியமைத்ததில் ஒரே அடியாக ஐந்தாம் நிலைக்குப் போனார்கள். 2022, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு படி ஏறித்தான் நான் பார்த்த மூன்றாம் நிலைக்கு வந்திருந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் கணவாயும் மொச்சையும் போட்ட குழம்பு சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு நடந்தேன். உவெல்வாக்காரர்களைக் கிண்டலாகச் 'சோக்கேரோ', கணவாய்க்காரன் என்பார்கள், அவர்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். நியூவோ கொலொம்பினோ ஊர் ஓரத்தில், சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நிற்கிறது. 2001இல் கட்டியது, இருபதாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு ரொம்பவே பெரிய சட்டைதான். ஆனால் நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஜெர்சியோடு கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அப்பா தோளில் குழந்தை, கைத்தடியோடு பாட்டி.

ஆட்டம்? அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பந்து அதிக நேரம் ஆகாயத்தில் இருந்தது. கார்னர் வந்தபோதெல்லாம் சுற்றிலும் எழுந்து நின்றார்கள், ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தார்கள். பெரியவரின் பேத்திக்கு இங்கிலீஷ் தெரியும், நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். தாத்தாவின் அப்பா துறைமுகத்தில் தாது ஏற்றியவராம். பழைய வெலோத்ரோமோவுக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து இவர் வருகிறார். ஐந்தாம் நிலையில் இருந்தபோதும் வந்தீர்களா என்று கேட்டேன். பேத்தி அதை மொழிபெயர்க்கவே தயங்கினாள். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மகனே, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் போய்ப் பார்க்க மாட்டாயா?" என்றார்.

2006 பற்றியும் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். அவர் பதில் சொல்லவில்லை. விதைப் பொட்டலத்தின் வாயை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தார்.

கோல் இல்லாமல் முடிந்தது. விசில் ஊதியதும் ஒரு நிமிடம் திட்டினார்கள், அடுத்த நிமிடம் கை தட்டினார்கள். படியிறங்கும்போது பெரியவர் என் முழங்கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம், ரசிகர்களோடு பேருந்து போகிறது, தாத்தா போகிறார், உங்களுக்கும் ஒரு இடம் சொல்லி வைக்கவா என்று கேட்கிறார் என்றாள் பேத்தி. நான் செவியாவுக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன்.