சங்குக்குப் போடுறவை 2ஐயும் 3ஐயும் மறக்காதேங்கோ

2024 செப்டெம்பர் 21 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் 39 பெயர். ஒருவர் காலமாகிவிட்டார், பெயர் மட்டும் இருக்கும்.

சங்குச் சின்னத்தில நிற்கிற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு முதல் விருப்பாக 1 போடுறதும் விடுறதும் உங்கட விருப்பம். ஆனால் 1 உடன் நிற்காதேங்கோ. ஒருவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதலிருவர் தவிர்ந்த மற்றவையின்ர சீட்டுகளை எடுத்து, அந்த முதலிருவரில் ஒருவருக்கு 2, இல்லாட்டி 3 இருக்கோ எண்டு பார்ப்பினம். அந்த முதலிருவர் வேட்பாளர்கள் அநுர, சஜித், ரணில் மூவருக்குள்தான் எண்டது என் கணிப்பு. ஆகவே அந்த மூவரில் இருவருக்கு 2, 3 போட்டால் ஒன்றாவது எண்ணப்படும்.

தனிப் புள்ளடியும் (X) செல்லும், ஆனால் அதில இரண்டாம் விருப்பு இல்லை. புள்ளடியோட இலக்கத்தைக் கலந்தாலோ, இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலோ சீட்டு நிராகரிப்புத்தான். கூட்டத்துக்கு பஸ் பிடிக்கிற கட்சிக்காரருக்கு இதை விளங்கப்படுத்த நேரமில்லைப் போல!